பக்கத்து சீட்டு பிரேக்

பயம் வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை நடுங்காது. வலது கால் தரையை அழுத்தும். டிவியில் யாராவது பள்ளத்தில் விழப்போனால், சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பிரேக் போடுவோம். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் குடும்பம் வேறு எப்படி இருக்கும்? என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஸ்கூல் என் அண்ணனுடையது. வண்டியில் சொல்லிக்கொடுப்பது அவன். ஆபீசில் உட்கார்ந்து சாலை விதிகளை எல்லோர் மண்டையிலும் ஏற்றுவது நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அண்ணனுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வகுப்பு நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டான். பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, அவன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக் மேல் பாதத்தை வைத்திருப்பான். பழகுபவர் தப்புச் செய்தால் வண்டி சத்தமில்லாமல் நின்றுவிடும். திட்டும் கிடையாது, உபதேசமும் கிடையாது. ‘சாரோட கால் இருக்கும்போது நமக்கென்ன’ என்று ஊரில் பாதிப் பேர் அவனை நம்பித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை அவன் சொல்லிக்காட்டாமல் ஒரு நாள் விடிந்ததும் இல்லை.

அப்படிப்பட்டவன் குடிக்க ஆரம்பித்தான். முதலில் சாயங்காலக் கடைசி வகுப்பு முடிந்த பிறகு. கொஞ்ச நாளில் அந்தக் கடைசி வகுப்பையே ரத்து செய்துவிட்டு. பிறகு மத்தியானமே, ‘வண்டிக்குக் காத்து அடிச்சிட்டு வரேன்’ என்று கிளம்பிப் போய். ஒரு டயருக்கு அவ்வளவு காற்று தேவைப்பட்டால் அது பலூன். பாட்டில், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்று நம்பியவன் அவன் ஒருவன்தான். நாள் முழுக்க புதினா மிட்டாயை மென்றுகொண்டு பற்பசை விளம்பரம் மாதிரி வாசனை வீசினான்.

நாங்களும் சும்மா இருந்தோம் என்று சொல்ல முடியாது. சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வகுப்புக்கு வராத நாட்களில் அவனுக்கு ஒவ்வொரு நோயாகச் சூட்டினாள். ஒரே மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல், வாயுப்பிடிப்பு, கண்ணில் கட்டி எல்லாம் வந்து போயின. நான் பழகுபவர்களிடம் பல்லைக் காட்டி நேரத்தை மாற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் போய் அவனை அள்ளிக்கொண்டு வந்து சேர்ப்பார். இப்படி எல்லோரும் சேர்ந்து அவன் குடிப்பதற்கு வசதியாக ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தோம்.

கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணியையும் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு குடிநோய் சிகிச்சை மையத்துக்குப் போனேன். அங்கே ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவசரமே இல்லாத அம்மா. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “குடும்பமா உக்காந்து அவர்கிட்ட பேசுங்க. குடிக்காத நேரமா பாருங்க. பழைய கணக்கெல்லாம் எடுக்காதீங்க. அவர் மேல உங்களுக்கு எவ்வளவு பாசம், எதைப் பார்த்துப் பயம், அவருக்காக இனிமே எதைச் செய்ய மாட்டீங்க, இதை மட்டும் சொல்லுங்க. அவர் சரின்னு சொன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும். வீட்டுலயே திடீர்னு நிறுத்தவைக்க வேண்டாம், உடம்பு தாங்காது. இங்க டாக்டர் பார்த்துப்பார். அடுத்த திங்கள் மத்தியானம் வரைக்கும் ஒரு படுக்கை எடுத்து வைக்கிறேன்” என்றார்.

“அவன் எழுந்து ஓடிடுவானே” என்றேன்.

“எழுந்திருக்காம எங்க உக்காருவார்?”

மூன்று பேரும் ஒரே குரலில், “கார்ல” என்றோம்.

அந்த அம்மா யோசித்தார். “சரி. நிறுத்தி வெச்ச கார்ல பேசுங்க.”

நிறுத்தி வைத்த காரா? நிறுத்தி வைத்த காரில் கதவைத் திறந்தால் இறங்கிப் போய்விடலாம். ஓடுகிற காரில் எங்கே போவான்? அந்த அம்மாவுக்கு வண்டி விஷயம் என்ன தெரியும் என்று நானே மனசுக்குள் திருத்திக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சியும் கொண்டேன்.

ஒத்திகை பார்க்கச் சொல்லியிருந்தார். அண்ணன் வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து அவன் வீட்டு ஹாலில் கூடினோம். அண்ணனாக நடிக்க ஆள் வேண்டும். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். இருமல் மருந்து குடித்தாலே இரண்டு வேளை தூங்குகிற மனுஷன். வாடிக்கையாளரிடம்கூட ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்பதற்கு மேல் பேசத் தெரியாது. அவர் தயங்கித் தயங்கி சோபாவில் உட்கார்ந்தார், அண்ணனைப் போலவே சாய்ந்தார், இல்லாத மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

“நான் என்ன தினமுமா குடிக்கிறேன்? குடிச்சா யார்கிட்டயாவது வம்புக்குப் போறேனா? என் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்ப்போம். வேலை பார்க்கிறவனுக்கு உடம்பு வலிக்காதா? வலிக்குதுன்னு சொன்னா உங்களுக்கெல்லாம் இளக்காரமா இருக்கா?”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி, சொல்ல வந்ததை மறந்து, “சரி விடுங்க, தலை வலிக்குதா, காபி போடட்டுமா?” என்று எழுந்துவிட்டாள். நான் கத்தினேன். பாசமாக ஆரம்பிக்க வேண்டிய இடத்தில், “வாயை மூடு, குடிகாரா” என்று சொந்தப் புருஷனைப் பார்த்து ஆரம்பித்தேன். அவர் முகம் வாடிப்போய், “நான் நடிக்கத்தானே செஞ்சேன்” என்றார். மறுபடியும் மறுபடியும் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஜெயித்தார்.

அண்ணன் மகள் மட்டும் ஒத்திகையில் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் படிக்கிறாள், அப்பா செல்லம். ஒரு வருஷமாக அண்ணன் அவளை, ‘வா, ஓட்டக் கத்துத் தரேன்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் பரீட்சை, ப்ராஜெக்ட், பல்வலி என்று நழுவிக்கொண்டே இருந்தாள்.

“திங்கட்கிழமை காலையில முதல் வகுப்பு எனக்குத் தரச் சொல்லி அப்பாகிட்ட கேக்கறேன் அத்தை. நீங்கல்லாம் பின்னாடி உக்காந்துக்கங்க” என்றாள்.

“உனக்கு ஓட்டத் தெரியாதேடி. நாங்க எல்லாரும் உன்னை நம்பி எப்படி ஏறுறது?”

“தெரியும். ஃப்ரெண்ட் கார்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ்கூட வாங்கிட்டேன்.”

“நீ என்ன சொல்லப் போறே?”

“அன்னைக்குச் சொல்லிக்கறேன்.”

திங்கள் காலை அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே தயாராக நின்றான். சட்டையைப் புதிதாக இஸ்திரி போட்டிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். மிட்டாய் வாசனை இல்லை. மகளுக்கு முதல் பாடம் என்பதற்காக அன்று காலை தொடாமலே வந்திருக்கிறான். சாவியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். இத்தனை ஆசையை வைத்துக்கொண்டு இப்படி இருக்கிறானே என்று அழுகை வந்தது. வழக்கம்போல அது எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

“சீக்கிரம் ஏறுங்க எல்லாரும். கல்யாண வேனா இது?”

“முதல் பாடத்துக்கு இவ்வளவு கூட்டமா?” என்று அண்ணன் சிரித்தான்.

“சந்தோஷமான விஷயம் மச்சான், அதான்” என்றார் என் வீட்டுக்காரர், வியர்த்துக்கொண்டே.

அவள் சீட்டைச் சரி செய்தாள். பெல்ட் போட்டாள். கிளம்புவதற்கு முன்னால் உள்கண்ணாடியின் ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தட்டினாள். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அண்ணன் அந்தக் கண்ணாடியையே பார்த்தபடி இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் வண்டியில் வாய் திறக்காதவன்தானே என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொழிற்சாலை மதிலை ஒட்டிய நீளமான சாலைக்கு வந்தோம். திரும்ப வழியில்லாத, கூட்டமும் இல்லாத சாலை. நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். சாந்தமானவர் முதலில் பேசட்டும் என்பது ஏற்பாடு.

அவர் தொண்டையைச் செருமினார். பாவம், ஒத்திகையில் அவர் பேசிப் பழகியதெல்லாம் அண்ணனுடைய வசனம். தனக்கென்று ஒரு வரிகூட அவரிடம் இல்லை.

“நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?” என்றார்.

அண்ணன் மெதுவாகத் திரும்பினான்.

“மாப்ள, நீங்க எப்போ குடிக்க ஆரம்பிச்சீங்க?”

“இல்ல மச்சான், நான் இல்ல, நீங்க.”

“நானா?”

“நீங்கதான் சொல்றீங்க. நான் நீங்களா இருந்தேன். இப்ப நான் நானா சொல்லணும். எனக்கு வரலை.”

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. காரியம் கெட்டது என்று நான் முன்னால் சாய்ந்தேன். “அண்ணா, உன் குடியைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கோம். உனக்கு இடம் பார்த்தாச்சு. இப்பவே போறோம்.” பாசம், பயம் எல்லாம் காற்றோடு போச்சு.

அண்ணனின் முகம் இறுகியது. அடுத்த நொடி வண்டி நின்றது.

ஓடுகிற காரிலிருந்து அவன் எங்கே போவான் என்று திட்டம் போட்ட ஒருத்திக்கும், அதற்குத் தலையாட்டிய மற்றவர்களுக்கும், அவன் காலடியில் ஒரு பிரேக் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த பிரேக்கால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, மதில் ஓரமாக விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

“பின்னாடியே போ” என்றேன்.

மகள் கண்ணாடியைத் தட்டிவிட்டு, வண்டியை அவன் நடை வேகத்துக்கு உருட்டினாள். தலைக்கு மேல் ஸ்கூல் போர்டோடு கார் போகிறது, பக்கத்தில் அந்த ஸ்கூலின் வாத்தியார் நடந்து போகிறார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் பொறுமையாக வந்தார். பழகுகிற வண்டி என்று நினைத்திருப்பார். எதிரே வந்த பஸ் டிரைவர், அண்ணனிடம் கற்றுக்கொண்டவர், வேகத்தைக் குறைத்து, “என்ன சார், புது முறையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணி ஜன்னலை இறக்கினாள். விக்கல் நின்றிருந்தது. ஒத்திகையில் ஒரு தடவைகூட வராத பேச்சு அப்போது வந்தது.

“என்னங்க, இனிமே உங்களுக்குக் காய்ச்சல்னு நான் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் குடிச்சிட்டுப் படுத்திருக்கார்னுதான் சொல்லுவேன். சொல்லும்போது அழுவேன். ஆனா சொல்லுவேன். எனக்கு நீங்க வேணும்ங்க.”

அவன் நடை கொஞ்சம் தளர்ந்தது. “வீட்டுல பேசிக்கலாம். நடுரோட்டுல மானத்தை வாங்காதீங்க.”

“மச்சான்,” என் வீட்டுக்காரருக்கு ஒருவழியாகச் சொந்தக் குரல் வந்தது, “உங்களை இனி நான் தூக்கிட்டு வர மாட்டேன். தூக்க முடியாம இல்ல. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கிற உங்க வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்க்க முடியல.”

அண்ணன் நின்றான், வண்டியும் நின்றது. எங்களைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு மகள் பக்க ஜன்னலுக்கு வந்தான்.

“நீ யார்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது இது ஒரு கேள்வியா?

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்தாள். “மிலிட்டரி சார்கிட்ட.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிலிட்டரி என்பது எதிர்த் தெருவில் ஸ்கூல் நடத்துகிறவர். எங்களுக்கு ஜென்ம விரோதி. கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடியைத் தட்டச் சொல்லிப் பழக்குவது அவர்தான். அவருடைய ஆட்கள் போவதைப் பார்த்து, ‘அதோ பாரு, கண்ணாடியைக் கொஞ்சுறானுங்க’ என்று அண்ணன் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறான். அந்தத் தட்டலை இவன் மகள் தட்டியிருக்கிறாள். ஏறி உட்கார்ந்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

“ஏன்மா?” என்றான். குரல் சின்னதாக இருந்தது.

“ஒரு நாள் காலேஜ்லேர்ந்து என்னைக் கூட்டிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்காப்பா? உங்ககிட்ட பழகிட்டு இருந்த தையல்கார அண்ணன் ஓட்டினார். நீங்க பக்கத்துல. நான் பின்னாடி. சைக்கிள்ல ஒருத்தர் குறுக்கே வந்தார்.”

அண்ணன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அந்த அண்ணனே பிரேக் போட்டுட்டார். வீட்டுக்கு வந்து, ‘என் ஸ்டூடன்ட் பாரு, எவ்வளவு வேகமா நிறுத்தினான்’னு சிரிச்சீங்க. நான் உங்க காலைப் பார்த்துட்டு இருந்தேன்பா. வண்டி நின்ன பிறகுதான் உங்க கால் அசைஞ்சது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்ககிட்ட கத்துக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஆசை. உங்க காலை நம்பி உக்காரப் பயமா இருந்துச்சு.”

மதிலுக்கு உள்ளே ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். அண்ணன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். அந்தச் சைக்கிள் நாளை அவனும் மறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. அத்தனை மாதமாக அதைச் சிரிப்பு போட்டு மூடி வைத்திருந்திருக்கிறான்.

“பை எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டான்.

“டிக்கியில இருக்கு” என்றாள் அண்ணி.

“ஸ்டெப்னி பக்கத்துலயா?”

“அதுக்கு அடியில இருந்ததை எடுத்துக் கொட்டிட்டு, அப்புறம்தான் வெச்சேன்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். அண்ணியும் அழுதாள். என் வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் மூக்கைச் சிந்தினார்.

நான் இறங்கி முன் கதவைத் திறந்துவிட்டேன். அவன் அதில் ஏறவில்லை.

“நீ முன்னாடி உக்காரு” என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில், அண்ணிக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எனக்கு நினைவு தெரிந்து என் அண்ணன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வழி முழுக்க எனக்குக் கிடைத்த பிரேக்கை நான் சரமாரியாக அழுத்தினேன். ஒரு நாய் தூரத்தில் கொட்டாவி விட்டதற்குக்கூட வண்டியை நிறுத்தினேன்.

“அத்தை, காலை எடுங்க, இல்லன்னா இறங்கி நடங்க” என்றாள் மருமகள். பின்னால் அண்ணன் நிஜமாகவே சிரித்தான்.

மையத்து வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவே, பின்னோக்கி ஒரே மூச்சில் அவள் வண்டியை நிறுத்தினாள். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இடைவெளியைப் பார்த்தான்.

“மிலிட்டரி நல்லாத்தான் கத்துக்கொடுத்திருக்கான்” என்றான். அவனுக்கு அன்று குடியை விடச் சம்மதித்ததுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஆலோசகர் அம்மா வாசலுக்கே வந்தார். “நிறுத்தி வெச்ச கார்லதானே பேசினீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“கடைசியில நின்னுதும்மா” என்றேன்.

அவன் உள்ளே இருந்த வாரங்களில் வகுப்புகளை நடத்த ஆள் கிடைக்கவில்லை. யாரும் கேட்காமலே ஒரு காலையில் மிலிட்டரி மீசையை முறுக்கிக்கொண்டு ஆபீசுக்குள் வந்து, “சாவியைக் கொடும்மா. அவன் வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்” என்றார். ஜென்ம விரோதி என்று நான் சொன்னதை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் திரும்பி வந்தபோது எங்கள் பழகுபவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆபீஸ் வாசலில் நின்று அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. டாக்டர் சொல்லும் வரை பக்கத்து சீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஏற்பாடு. அவன் ஆபீசில் என்னோடு உட்கார்ந்து சாலை விதி நடத்தினான். பேசிப் புரியவைக்க வேண்டிய இடத்திலும் அவன் வண்டியில் இருப்பது போலவே வாயைத் திறக்கவில்லை, அது பாடமாக அமையவில்லை. சில மாலைகளில் முகம் கறுத்து, பேசாமல் கிளம்பி மையத்துக் கூட்டத்துக்குப் போய்விடுவான். மகள்தான் ஓட்டிக்கொண்டு போவாள். அவன் பின் சீட்டில் போவான். அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம், “அவருக்குக் குடிநோய், மருந்து சாப்பிடறார்” என்று கணீரென்று சொன்னாள். அவளிடமிருந்து வந்த முதல் உண்மையான நோய் அது.

டாக்டர் சரி என்று சொன்ன வாரம், நாங்கள் எல்லோரும் சந்தைக்குக் கிளம்பினோம். அண்ணன் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்தான்.

“முன்னாடி வாங்கப்பா” என்றாள் மகள்.

அவன் தயங்கினான். “நீதான் நல்லா ஓட்டுறியே. நான் எதுக்கு?”

“வாங்கப்பா.”

ஏறினான். சாயவில்லை. பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பின்னாலிருந்து நாங்கள் மூன்று பேரும் சாலையைப் பார்க்கவேயில்லை. இரண்டு சீட்டுக்கும் இடையில் எட்டி அவன் காலையே பார்த்துக்கொண்டு போனோம்.

காய்கறிக் கடைத் திருப்பத்தில், நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டியின் மூக்கு எட்டிப் பார்த்தது. வண்டி நின்றுவிட்டது. குலுங்கவில்லை, சத்தமில்லை. மகளின் கால் அப்போதுதான் பிரேக்கைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. தள்ளுவண்டிக்காரர் எங்களைப் பார்த்தார். நடுவில் ஒரு லாரியே போகிற அளவுக்கு இடம் இருந்தது. சாவகாசமாகக் கடந்து போனார்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “ரொம்பச் சீக்கிரமா போட்டுட்டீங்கப்பா.”

“அப்படியா?” என்றான் அண்ணன். முகம் முழுக்கச் சிரிப்பு. “ரொம்பச் சீக்கிரமாவா?”

“ரொம்ப.”

அவன் சீட்டில் மெதுவாகச் சாய்ந்துகொண்டான். பின்னால் நாங்கள் மூன்று பேரும் அழுத்தி வைத்திருந்த காலைத் தரையிலிருந்து எடுத்தோம்.